கழுத்தில் ஒன்றும் இல்லாத நாள்

பெரம்பலூர் கடைவீதியில் செல்லமுத்துவைப் பலரும் நிறத்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பனுக்குக் கறுப்பு. தையில் பழனிக்குப் பச்சை. மாசி, பங்குனியில் சமயபுரத்துக்கு மஞ்சள். ஆவணி பிறந்தால் வேளாங்கண்ணி மாதாவுக்குக் காவி. கிணற்று மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடையில் அவனுக்கு வேலை. கடைக்காரர் வைரக்கண்ணு காலையில் அவனைப் பார்த்ததும், "இப்ப எந்தச் சாமிகிட்டப்பா டூட்டி?" என்று கேட்பார். செல்லமுத்து சிரித்துவிட்டுச் செம்புக் கம்பியை எடுத்துக்கொண்டு உட்காருவான். எரிந்துபோன காயிலைப் பிரித்து, புதுக் கம்பியைச் சுற்றுக்கு மேல் சுற்றாகக் கட்டும் வேலை அது. ஒரு சுற்று தப்பினால் மறுபடி முதலிலிருந்து. பொழுதெல்லாம் அப்படி உட்கார அவனுக்குப் பொறுமை இருந்தது.

ஊர் அதைப் பக்தி என்றது. நிஜம் என்னவென்று அவனுக்கும் அவன் மனைவி கலையரசிக்கும் மட்டும் தெரியும். கழுத்தில் ஒரு மாலை கிடந்தால் அவன் குடிக்க மாட்டான். இல்லாவிட்டால் குடிப்பான். இடையில் வேறு எதுவும் இல்லை.

மாலை போட்டிருக்கும்போது ஆசையை அடக்குகிறான் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அடக்குவதற்கு அங்கே ஆசையே இருக்காது. பிராந்திக்கடையைத் தாண்டும்போது இரும்புக்கடையைத் தாண்டுவதுபோலத் தாண்டிப் போவான். வேண்டாம் என்று தானே தனக்குச் சொல்லிக்கொண்டால் அந்த வார்த்தைக்கு எடை இருப்பதில்லை. மாலை சொன்னால் மட்டும் மறுபேச்சு கிடையாது. இத்தனை வருஷ விரதத்தில் வேண்டாம் என்று சொல்லிப் பழகிய நாள் ஒன்றுகூட அவனிடம் இல்லை.

சித்திரையிலிருந்து ஆடி வரைக்கும்தான் பெரிய கண்டம். அந்த மாதங்களுக்குத் தோதான சாமி எதுவும் அவனுக்கு அமையவில்லை. போன ஆனியில் ஒரு சாயங்காலம் மகள் அனிதாவைப் பள்ளிக்கூடத்திலிருந்து சைக்கிள் பாரில் வைத்துக் கூட்டி வந்தவன், வளைவே இல்லாத ரோட்டில் விழுந்தான். பிள்ளைக்கு முழங்கை எலும்பு முறிந்தது. மாவுக்கட்டு காய்வதற்குள் கலையரசி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரியலூரில் இருக்கும் தன் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

ஆவணியில் காவி கட்டிக்கொண்டு அழைக்கப் போனான். கார்த்திகையில் கறுப்பு கட்டிக்கொண்டு போனான். இரண்டாம் முறை அவள் வாசற்படியிலேயே நிறுத்திவிட்டாள்.

"மாலையப் போட்டா நீங்க சாமி. நானும் சாமின்னுதான் கூப்பிடணும், புள்ளையும் சாமின்னுதான் கூப்பிடணும். தனிப் பாயி, தனித் தட்டு. தூரமானா நான் அடுத்த வூட்டுல போயி படுக்கணும். மாலையக் கழட்டினா நீங்க குடிகாரரு. நான் எப்பதான் உங்களோட குடும்பம் நடத்துறது?"

"இப்ப குடிக்கலயே கலை."

"இப்ப நீங்க சாமி. சாமி எங்க குடிக்கும்?" என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள். "மலைக்குப் போயிட்டு வந்து மாலையக் கழட்டிட்டு, அன்னைக்கே வாங்க. குடிக்காம வாங்க. சாமியா வராதீங்க, மனுசனா வாங்க. நான் மறுபேச்சு பேசாம அப்பவே பொறப்படுறேன்."

அதற்கு மேல் அவள் எதுவும் கேட்கவில்லை. ஒரே ஒரு நாள். கம்பம் தாண்டி மலை ஏறி இறங்கும் வரைக்கும் செல்லமுத்துவின் தலையில் இருமுடியோடு அந்த ஒரு நாளும் உட்கார்ந்திருந்தது. சன்னிதியில் நின்றபோதுகூட அவன் கேட்டது அதைத்தான். கூட்டம் தள்ளிக்கொண்டு போனதால் கேட்டு முடித்தானா இல்லையா என்பது அவனுக்கே சரியாகத் தெரியவில்லை.

திரும்பும் வழியில் கம்பத்தில் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வேனை நிறுத்தினார்கள். சாலையோரம் ஒரு பிள்ளையார் இருந்தார். அழகேசன் அங்கே தேங்காய் ஒன்றை உடைத்துவிட்டு, தன் மாலையைத் தானே தலைவழியாகக் கழற்றி ஜோல்னாப் பையில் போட்டான். அழகேசன் சிமெண்டு லாரி ஓட்டுபவன், செல்லமுத்துவின் தெருக்காரன். அவனைப் பார்த்து இன்னும் நாலைந்து பேர் கழற்றினார்கள். கொஞ்ச நேரத்தில் வேனின் பின்சீட்டிலிருந்து பிளாஸ்டிக் டம்ளர் நெரிபடும் சத்தம் கேட்டது. குருசாமி ராசாங்கம் முன்சீட்டில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தூங்குவதுபோல இருந்தார்.

"செல்லமுத்து சாமி, ஒரு மூடி ஊத்தட்டுமா?" என்றான் அழகேசன்.

"வேணாம்ப்பா."

"மலை எறங்கினதும் கணக்கு முடிஞ்சுபோச்சு சாமி. ஐயப்பனே நடை சாத்திட்டுப் படுத்துட்டாரு."

"அவரு படுத்தா நீ எழுந்துக்குவியா?"

பின்சீட்டில் சிரிப்பு எழுந்தது. அழகேசன் விடவில்லை. "சரி, நாங்கல்லாம் மனுசங்களாயிட்டோம். நீங்க மட்டும் தெய்வமா ஒக்காந்து வாங்க. சூடம் கொளுத்தட்டுமா?"

செல்லமுத்துவும் சிரித்தான். அந்த வாடை மூக்கில் ஏறியும் அவனுக்குள் ஒன்றும் அசையவில்லை. துளசி மணியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினான். அசையாமல் இருந்ததுதான் அவனைப் பயமுறுத்தியது. இது கழன்ற பிறகு என்ன ஆவான் என்பதற்கு இந்த அமைதியில் ஒரு தடயமும் கிடைக்கவில்லை.

பெரம்பலூரில் வேன் வந்து நின்றபோது நன்றாக விடிந்திருந்தது. ராசாங்கம் மற்றவர்களுக்கு வரிசையாக மாலை கழற்றிவிட்டு அவனைக் கூப்பிட்டார்.

"நான் அம்மா கையால கழட்டிக்கிறேன் சாமி" என்றான் செல்லமுத்து.

"ஒங்கம்மா செத்துப் பல வருசமாச்சேய்யா."

"மாமியா இருக்காங்கல்ல, அரியலூர்ல. அவங்களும் அம்மா முறதான?"

ராசாங்கத்துக்கும் தூக்கம். "சரி போ, இன்னைக்கே கழட்டிரு. போயிட்டு வந்தப்பறம் போட்டிருக்கிறது மொற இல்ல" என்று அனுப்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து குளித்தான். தாடியை எடுத்தான். வெள்ளைச் சட்டை போட்டுக் கழுத்துப் பொத்தான் வரைக்கும் மாட்டினான். கண்ணாடியில் பார்த்தான், மாலை வெளியே தெரியவில்லை. மாலை இல்லாமல் வா என்றாள். இல்லாமல் போனால் பஸ் ஸ்டாண்டு வரைக்கும்கூடப் போய்ச் சேர மாட்டோம் என்று அவனுக்குத் தோன்றியது. போய்ச் சேர்வது முதலில், கழற்றுவது பிறகு. அவளைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டால் தை பிறந்துவிடும், பழனிக்கு மாலை போட்டுவிடலாம். இது ஏமாற்றுவது ஆகாது, கொஞ்சம் தள்ளிப்போடுவதுதான் என்று பஸ்ஸில் பேரளி தாண்டும் வரைக்கும் தனக்கே சொல்லிக்கொண்டு வந்தான். கரிசல் காட்டில் பருத்தி வெடித்துக் கிடந்தது. எதிரே சுண்ணாம்புக் கல் லாரிகள் வந்து வந்து, வேப்பமரங்களெல்லாம் வெள்ளை பூசிக்கொண்டு நின்றன.

அரியலூரில் வீடு ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில். கலையரசி வாசலில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். அனிதாதான் முதலில் பார்த்தாள்.

"அம்மா, சாமி வந்துட்டாரு!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தவள், வெள்ளைச் சட்டையைப் பார்த்ததும் நின்றாள். "சாமியா, அப்பாவா?"

"அப்பாதாண்டி."

பிள்ளை தாவி ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டது. கலையரசி எழுந்து நின்றாள். அவள் கையில் கீரைக்காம்பு அப்படியே இருந்தது. அவன் முகத்தையும் கண்ணையும் பார்த்தாள், காற்றையும் முகர்ந்து பார்த்தாள். அவள் முகம் மெல்ல இளகுவதை அவன் பார்த்துக்கொண்டு நின்றான். இத்தனை நாளில் அந்த முகத்தில் அவன் பார்க்காத இளக்கம்.

"அப்பா, உள்ள கல்லு குத்துது" என்றாள் அனிதா, அவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு.

கலையரசி கிட்டே வந்தாள். பிள்ளையை இறக்கிவிட்டு, அவன் கழுத்துப் பொத்தானைத் தானே கழற்றினாள். துளசி மணி தெரிந்தது. பொத்தானை விட்டுவிட்டுக் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

"பொங்கல் வரைக்கும் இருக்கட்டும் கலை" என்றான்.

"பொங்கலுக்கு அப்பறம்?"

"தையில பழனி."

"அப்பறம்?"

"மாசியில சமயபுரம்."

"அப்பறம்?"

அவன் பொத்தானை மறுபடி மாட்டினான்.

"எல்லாச் சாமிக்கும் மாசம் ஒதுக்கி வெச்சிருக்கீங்க. எனக்கு எது?"

உள்ளேயிருந்து அவள் அம்மா செங்கமலம் வந்தாள். விஷயம் சொல்லாமலே புரிந்துவிட்டது. "வந்தவர வாசல்ல நிறுத்தி என்னடி கேள்வி? சாப்புட வுடு மொதல்ல."

"பயமா இருக்கு அத்த" என்றான் செல்லமுத்து. மனைவியிடம் சொல்ல வராதது மாமியாரிடம் வந்துவிட்டது. "இதக் கழட்டினா நான் என்ன பண்ணுவேன்னு எனக்கே தெரியல. சத்தியமா தெரியல."

கலையரசி திட்டுவாள் என்று நினைத்தான். அவளோ, "எனக்கும்தான் தெரியல" என்றாள். "பூட்டுப் போட்ட வூட்ல திருடு போகலன்னா அது திருடனோட நல்ல கொணமா? பூட்டு இல்லாம ஒரு நாளு பாக்கணும்ல? அம்மா, நீ தேங்காய எடுத்துட்டு வா."

அம்மா முறை என்று ராசாங்கத்திடம் சொன்ன பொய்ச்சாக்கு நிஜமானது. செங்கமலம் கைகால் கழுவி, நெற்றி நிறைய விபூதி பூசிக்கொண்டு, சரணம் சொல்லி, அவன் குனிந்து நிற்க மாலையைக் கழற்றினாள். தேங்காய் ஒரே போடில் இரண்டாகப் பிளந்தது. நல்ல சகுனம் என்றாள். செல்லமுத்துவின் கை தானாகக் கழுத்துக்குப் போய், ஒன்றும் அகப்படாமல் இறங்கியது.

சாப்பிட்டார்கள். கலையரசி பையை அடுக்கினாள். செங்கமலம், "இருந்து காலையில போங்களேன்" என்றாள். கலையரசி கேட்கவில்லை. சொன்ன சொல்லுக்கு அன்றைக்கே புறப்பட வேண்டும் அவளுக்கு.

வெயில் சாயும் நேரத்துக்குப் பஸ் ஏறினார்கள். அனிதா ஜன்னலோரம், நடுவில் கலையரசி, இந்தப் பக்கம் அவன். பஸ் குலுங்கியபோதெல்லாம் அவள் தோள் அவன் மேல் பட்டது, அவள் விலக்கிக்கொள்ளவில்லை. வைரக்கண்ணு இன்னும் அப்படியேதான் நக்கலடிக்கிறாரா என்று கேட்டாள். எந்தச் சாமிகிட்ட டூட்டி என்று அவர் கேட்பதைச் சொன்னான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நாளைக்கிக் கேட்டா, வூட்டுச் சாமிகிட்டன்னு சொல்லுங்க" என்றாள்.

அவன் இந்த நாளுக்காகப் பலவற்றுக்குத் தயாராகி வந்திருந்தான். அவள் வர மறுப்பாள், திட்டுவாள், தலை வலிக்கும், கை நடுங்கும். ஒவ்வொன்றுக்கும் என்ன செய்வதென்று யோசித்து வைத்திருந்தான். இப்படிச் சந்தோஷமாக இருந்தால் என்ன செய்வதென்று யோசித்திருக்கவில்லை. நெஞ்சுக்குள் ஏதோ பொங்கி நிறைந்துகொண்டே வந்தது. அதை எங்கே இறக்கி வைப்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. சந்தோஷத்தை இறக்கி வைக்க அவனுக்குத் தெரிந்த இடம் ஒன்றுதான்.

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது விளக்கு போட்டிருந்தார்கள்.

"பாலு வாங்கணும்ல? வூட்டுல ஒண்ணும் இல்ல. நீங்க இப்பிடி ஒக்காருங்க, ஒரு நிமிசத்துல வாங்கிட்டு வரேன்" என்றான்.

கலையரசி அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாரும் போவோமே."

"பையத் தூக்கிட்டு எதுக்கு அலையிற? இந்தா வந்துட்டேன்."

அவள் பையைக் கீழே இறக்கி வைத்தாள். பிறகு, "சரி, போயிட்டு வாங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தாள்.

பால் பூத் பஸ் ஸ்டாண்டுக்குள்ளேயே, பெஞ்சுக்கு எதிரே இருந்தது. சாயங்காலத்தில் அங்கே இருப்பது காலைப் பாலாக இருக்கும், திரிந்துவிடும் என்று அவனுக்குத் தோன்றியது. பிள்ளைக்கு நல்ல பால் வேண்டும். வெளியே அடுத்த தெருவில் ஒரு மளிகைக்கடையில் பனிப்பெட்டி இருக்கிறது. அந்தத் தெருவில்தான் பிராந்திக்கடையும் இருக்கிறது. இருந்தால் என்ன? தெருவே கூடாது என்று எத்தனை நாள் ஓட முடியும்? அவள்தானே பூட்டு இல்லாமல் பார்க்க வேண்டும் என்றாள்?

கடை வந்தது. வாசலில் கூட்டம், மிக்சர் பொட்டலம், அவித்த முட்டை. அவனுக்கு வாய் ஊறியது. கால் ஒரு கணம் தயங்கியது. வேண்டாம் என்றான். மாலை சொல்லவில்லை, அவனே சொன்னான். சொல்லிவிட்டு நடந்தான், நடந்து தாண்டியும் விட்டான். மளிகைக்கடையில் ஒரு பால் பாக்கெட் வாங்கினான்.

அவனால் நம்பவே முடியவில்லை. கழுத்தில் ஒன்றும் இல்லை, ஆனாலும் தாண்டிவிட்டான். கலையரசியிடம் சொல்ல வேண்டும். ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும். உடம்பு லேசாகி, பறப்பதுபோல இருந்தது. இத்தனை வருஷமும் பயந்தது வீண். முடியும் என்றால் முடிகிறது!

திரும்புவதும் அதே தெருவில்தான். தாண்ட முடிந்தவனால் நிற்கவும் முடியும் என்று தோன்றியது. வேண்டாம் என்று சொல்லத் தெரிந்தவன், போதும் என்றும் சொல்லிக்கொள்ளலாம். பயம் இருந்தவரைக்கும் ஓடினோம், பயம்தான் போய்விட்டதே என்றது மனசு.

"சாமியோவ்!" என்றது ஒரு குரல். அழகேசன் கடை வாசலில் நின்றிருந்தான். "என்ன சாமி, இந்தப் பக்கம்?"

"சாமி இல்லப்பா. கழட்டியாச்சு."

"அட்ரா சக்க! அப்பறம் என்ன யோசன? வூட்டுக்காரம்மா?"

"வந்துட்டா. பஸ் ஸ்டாண்டுல இருக்கா."

"வந்துட்டாங்களா! இதுக்கு மேல என்னய்யா வேணும் ஒனக்கு? ஒரே ஒரு கட்டிங். நின்னவாக்குல ஊத்திக்கிட்டு ஓடிரு."

வேண்டாம் என்று மறுபடி சொல்ல அவன் வாய் திறந்ததுதான். கொஞ்சம் முன்னால் அவ்வளவு சுலபமாக வந்த வார்த்தை, இப்போது இருந்த இடம் தெரியவில்லை. ஒரு கையில் பால் பாக்கெட் இருந்தது. மறு கையில் அழகேசன் டம்ளரை வைத்தான். ஊற்றிக்கொண்டு, போதும் என்று சொல்லவும் செய்தான். அதை அவன் கணக்கில் சேர்க்கத்தான் வேண்டும். ஒன்றோடு நிறுத்திவிட்டு, வாயைக் கொப்பளித்து, கடைசியில் ஒரு பாக்குப் பொட்டலத்தையும் மென்று துப்பிவிட்டு, வேகவேகமாகத் திரும்பினான்.

பெஞ்சில் அவர்கள் இல்லை.

எதிர் வரிசையில் அரியலூர் பஸ் என்ஜின் ஓடிக்கொண்டு நின்றது. ஜன்னலோரம் அனிதா, பக்கத்தில் கலையரசி, அவள் மடியில் பை. செல்லமுத்து ஓடிப்போய் ஜன்னலுக்குக் கீழே நின்றான்.

"பூத்து எதிர்லயே இருக்கு" என்றாள் கலையரசி. குரலில் கோபம் இல்லை. "நீங்க அதத் தாண்டிப் போனதப் பாத்துக்கிட்டுத்தான் ஒக்காந்திருந்தேன். கூப்புட்டிருக்கலாம். கூப்புடல. கூப்புட்டா நானும் ஒரு மாலதான?"

அவன் வாயை இறுக மூடிக்கொண்டு தலையை ஆட்டினான். இல்லை என்று ஆட்டினானா, ஆமாம் என்று ஆட்டினானா, அவனுக்கே தெரியவில்லை.

"அப்பா, ஏறுப்பா" என்றாள் அனிதா. கையை வெளியே நீட்டினாள். எலும்பு கூடியிருந்தாலும் அந்த முழங்கை இன்னும் முழுதாக நீளவில்லை.

"இல்லன்னு வாயத் தெறந்து ஒரு வார்த்த சொல்லு" என்றாள் கலையரசி. அவள் அவனை ஒருமையில் பேசுவதில்லை. அவளுக்கே அது தெரியாமல் வந்திருந்தது. ஜன்னல் கம்பிகளில் முகத்தை வைத்து, கிட்டே குனிந்தாள். "என் முகத்துக்கு நேரா சொல்லு. இப்பவே எறங்கிடுறேன்."

அவனிடம் சொல்ல நிறைய இருந்தது. ஒரு தடவை தாண்டினேன் என்று சொல்ல வேண்டும். நானே வேண்டாம் என்று சொன்னேன், நிஜமாகச் சொன்னேன், மளிகைக்கடைக்காரரைக் கேட்டுப் பார் என்று சொல்ல வேண்டும். உதடுகளை இன்னும் இறுக்கிக்கொண்டான்.

அவள் முகம் கம்பியிலிருந்து மெல்லப் பின்னுக்குப் போனது.

"ஏறுறியாப்பா, இல்லையா?" என்று கண்டக்டர் படியிலிருந்து கேட்டார்.

செல்லமுத்து இல்லை என்று கையசைத்தான். விசில் சத்தம் கேட்டது. பஸ் பின்னுக்கு வந்து, திரும்பி, வெளி வாசலைப் பார்த்துப் போனது. அனிதாவின் கை கொஞ்ச தூரம் வரைக்கும் வெளியே தெரிந்தது. பிறகு யாரோ அதை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

"என்னண்ணே, பஸ்ஸ விட்டுட்டீங்களா?" என்று பூத்துக்காரர் கேட்டார்.

மோந்து பார்க்க அங்கே யாரும் இல்லை. ஆனாலும் அவன் வாயைத் திறக்காமலே தலையை ஆட்டினான்.